மும்மணியில் கோட்டை விட்ட கதை: சமயங்கள் பகுதியை எப்படிப் படிக்கலாம்

குரூப் 2-க்குப் படித்துக்கொண்டிருந்தபோது உலகச் சமயங்களை நான் ஒரே ராத்திரியில் முடித்தேன். நோட்டில் எதிரெதிர் பக்கங்களை விரித்து, நிறுவனர், பிறந்த இடம், புனித நூல், வழிபாட்டுத் தலம் என்று கட்டம் போட்டு, காலையில் டீ குடிக்கும்போது ஒருமுறை ஒப்பித்தும் பார்த்தாயிற்று. அடுத்த வாரம் மாதிரித் தேர்வில் ‘மும்மணிகள்’ பற்றிப் பொருத்துக வந்தது. புத்தம், தம்மம், சங்கம் மூன்றையும் கொண்டுபோய்ச் சமணத்தோடு ஒட்டிவிட்டு வந்தேன். ஒன்று தப்பினால் பொருத்துகவில் இன்னொன்றும் தப்பும், தெரிந்ததுதானே.

மும்மணி என்ற சொல் இரண்டு பக்கமும் இருக்கிறது, அதுதான் சிக்கல். சமணத்தில் அது நன்னம்பிக்கை, நல்லறிவு, நன்னடத்தை. உயிரின் மேல் வினை ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதை அவரவர் ஒழுக்கத்தால்தான் உதிர்க்க வேண்டும், படைத்த கடவுள் என்று ஒருவர் வந்து உதவப்போவதில்லை என்பது அவர்கள் நிலை, அதனால் மூன்று மணிகளும் நாம் கைக்கொள்ள வேண்டியவையாக இருக்கின்றன. பௌத்தத்தில் மூன்றும் சரணடையும் இடங்கள், ‘புத்தம் சரணம் கச்சாமி’ காதில் விழாதவர் யார்? நிலையான ஆன்மா என்று ஒன்று இருப்பதையே பௌத்தம் ஏற்பதில்லை. இந்த வித்தியாசம் புரிந்த பிறகு எனக்கு அந்தக் கேள்வி தப்பவே இல்லை.

கட்டம் போடுவதே தப்பு என்று சொல்லமாட்டேன், ஆனால் அது பொய் சொல்லும். இந்து சமயத்துக்கு நிறுவனர் கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்? சமணத்துக்கு மகாவீரர் என்று எழுதியிருந்தேன், அவரோ 24-ஆவது தீர்த்தங்கரர் (சமணத்தில் வழிகாட்டும் அருளாளர்), முதலாமவர் ரிஷபர். சீக்கியத்தில் நூல் கட்டமும் குரு கட்டமும் ஒன்றாகிவிடும், ஏனென்றால் பத்தாவது குருவான கோவிந்த் சிங்குக்குப் பிறகு புனித நூலான கிரந்தமே குரு.

அப்புறம் நான் ஒவ்வொரு சமயத்திடமும் ஒரே கேள்வியைக் கேட்டுப் படித்தேன்: மனிதனுக்கு என்ன கேடு, அதற்கு என்ன மருந்து? பௌத்தம் துக்கம் என்கிறது, வேர் ஆசை, மருந்து எண்வழிப் பாதை. கிறித்தவம் பாவம் என்கிறது, மீட்பு இயேசுவின் சிலுவை மரணத்திலும் உயிர்த்தெழுதலிலும். இஸ்லாத்தில் ஏக இறைவனுக்குக் கீழ்ப்படிதல், கலிமா என்ற நம்பிக்கை உறுதிமொழி, தொழுகை, நோன்பு, ஜகாத் என்ற கட்டாய தானம், ஹஜ் பயணம் என்ற ஐந்து கடமைகளும் அந்த ஒன்றிலிருந்து தானாக வரும். யூத சமயத்திடம் மட்டும் என் கேள்வி அவ்வளவாக எடுபடவில்லை, அங்கே பேச்சு கடவுள் ஒரு மக்களோடு செய்த உடன்படிக்கையைப் பற்றியது, அதைக் காப்பதுதான் வாழ்க்கை. சரி, பொருந்தாதது எது என்று தெரிவதும் படிப்புதான்.

புத்தகத்தில் விளங்காததைப் பக்கத்து வீட்டில் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். ரம்ஜான் ஏன் ஒரு வருஷம் வெயிலில், ஒரு வருஷம் மழையில் வருகிறது என்று மாடி வீட்டு பாயிடம் கேட்டேன். “தம்பி, எங்களுக்குப் பிறைக் கணக்கு, வருஷம் 354 நாள், பத்துப் பதினொரு நாள் முன்னாடி வந்துக்கிட்டே இருக்கும்” என்றார். யூதர்களும் பிறைக் கணக்கில்தான் மாதம் எண்ணுகிறார்கள், ஆனால் 19 ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வதால் அவர்களுடைய பாஸ்கா பண்டிகை வசந்தத்தை விட்டு நகராது. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் மறக்காது.

முடிந்தால் கழுகுமலைக்கு ஒரு நடை போய் வாருங்கள். கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். எல்லோரும் வெட்டுவான் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள், நீங்கள் சமணச் சிற்பங்கள் இருக்கும் பாறைப் பக்கம் போங்கள். வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், தலைக்கு மேல் முக்குடை. நாகம் படமெடுத்து நிற்பது பார்சுவநாதர், 23-ஆமவர். உடம்பில் கொடி படர்ந்து, இரண்டு பக்கமும் சகோதரிகள் நிற்க இருப்பவர் பாகுபலி. அவர் தீர்த்தங்கரர் அல்ல, ரிஷபரின் மகன், தேர்வில் நைசாகப் பட்டியலுக்குள் நுழைத்துவிடுவார்கள். மதியம் போகாதீர்கள், பாறை சுடும்.

எவ்வளவு புரிந்துகொண்டாலும் சில எண்களை நெட்டுருப் போட்டே ஆகவேண்டும், குறுக்கு வழி எனக்குக் கிடைக்கவில்லை. நபிகள் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் போன ஹிஜ்ரத் 622, குருநானக் பிறந்தது 1469, லூதர் கிறித்தவச் சீர்திருத்தத்தைத் தொடங்கியது 1517, சீக்கியரின் ஆதி கிரந்தம் தொகுத்தது 1604, கோவிந்த் சிங் கால்சா என்ற சீக்கிய அமைப்பைத் தொடங்கியது 1699. இவற்றைக் கழிவறைக் கதவில் ஒட்டி வைத்திருந்தேன், அம்மா திட்டினாலும் கிழிக்கவில்லை.