தென்னை வாடலுக்கு டிரைக்கோடெர்மா: எந்த மரத்துக்கு, எப்போது?

எங்கள் கடையம் பக்கத்துத் தோப்புகளில் தென்னையின் தூரில் செம்பழுப்புச் சாறு கசிவதைக் கண்டதும் பூஞ்சணக்கொல்லி வாங்கக் கடைக்குப் போகிறவர்களே அதிகம். நோயைத் தடுக்கும் டிரைக்கோடெர்மா போன்ற நுண்ணுயிர்ப் பொட்டலத்தைப் பற்றிச் சொன்னால், "அதெல்லாம் கேட்காது" என்பார்கள். நோய் முற்றிய மரத்துக்கு அதை இடுவதே பெரும்பாலும் அதற்குக் காரணம்.

தஞ்சாவூர் வாடல் எனப்படும் அடித்தண்டழுகல் நோய் 1952ஆம் ஆண்டில் தஞ்சாவூர் மாவட்டத்தில் கடுமையாகக் காணப்பட்டது. அதை உண்டாக்கும் கேனோடெர்மா பூஞ்சணம் மண்ணில் வாழ்வது. அது வேர்களை அழுகச் செய்த பிறகே தூருக்குள் ஏறுவதால், சாறு நம் கண்ணில் படும்போது வேர்களில் பெரும்பகுதி போயிருக்கும். அடிமட்டைகள் மஞ்சளித்துத் தொங்கி, குரும்பை உதிர்ந்து, தூரை ஒட்டிக் காளானும் முளைத்துவிட்ட மரத்தை எந்த நுண்ணுயிரும் மீட்டுத் தராது. அதைச் சுற்றி நிற்கும் நல்ல மரங்களுக்குக் காவலாக இடுவதில்தான் பலன் இருக்கிறது.

டிரைக்கோடெர்மா விரிடியும் ஒரு பூஞ்சணமே. நோய்ப் பூஞ்சணத்தின் இழையைச் சுற்றிப் படர்ந்து, கைட்டினேஸ், குளுக்கனேஸ் ஆகிய நொதிகளால் அதன் செல்சுவரைக் கரைத்து, உள்ளிருப்பதை அது உண்டுவிடுகிறது. சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ் என்னும் பாக்டீரியாவோ வேரை ஒட்டிக் குடியேறி, மண்ணிலுள்ள இரும்புச்சத்தைப் பற்றிக்கொள்ளும் பொருள்களைச் சுரந்து, நோய்ப் பூஞ்சணத்துக்கு அது கிட்டாமல் செய்கிறது. மரத்தின் எதிர்ப்பாற்றலையும் தூண்டிவிடுகிறது.

மரம் ஒன்றுக்கு ஆண்டுதோறும் இவ்விரண்டிலும் 200 கிராம் வீதம் எடுத்து, 50 கிலோ மக்கிய தொழுவுரத்துடன் கலந்து வட்டப்பாத்தியில் இட வேண்டும். 5 கிலோ வேப்பம்புண்ணாக்கும் இடுவது நல்லது. தொழுவுரம் விலையேறிவிட்டது என்று வெறும் பொடியை மட்டும் சித்திரை வெயிலில் காய்ந்த செம்மண்ணில் தூவுகிறவர்களைப் பார்க்கிறேன். உண்ண அங்ககப் பொருளும் வாழ ஈரமும் இல்லாத மண்ணில் அந்த உயிர்கள் எப்படிப் பெருகும்? ஐப்பசி மழை மண்ணை நனைத்த பிறகு இடுவதே நம் சீமைக்குப் பொருந்தும். நோயுற்ற மரத்தின் தூரில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த 1 சதவீத போர்டோக் கலவையை 40 லிட்டர் ஊற்றும் பரிந்துரையும் உண்டு. அதிலுள்ள தாமிரம் நன்மை செய்யும் நுண்ணுயிர்களையும் பாதிக்கக்கூடும் என்பதால், இரண்டையும் ஒரே பாத்தியில் அடுத்தடுத்து இடலாகாது.

என் பார்வையில், பொட்டலத்தைவிட முக்கியமானது தண்ணீர். வாய்க்கால் பாசனத்தில் பழகிய நாம் ஒரு மரத்தின் பாத்தி நிறைந்ததும் மடையை அடுத்த மரத்துக்குத் திறந்துவிடுகிறோம். அந்தத் தண்ணீரோடு நோயும் தோப்பு முழுவதும் நடந்து போகிறது. ஒவ்வொரு மரத்துக்கும் தனிப்பாத்தி அமைத்து, நோயுற்ற மரத்தைச் சுற்றிக் குழி வெட்டித் தனிமைப்படுத்தி, பட்ட மரத்தைத் தூரோடும் வேரோடும் தோண்டி அகற்றாதவரை, டிரைக்கோடெர்மாவுக்குச் செலவிடும் பணம் பாதி வீண்தான்.

சாறு வடிந்தாலே தஞ்சாவூர் வாடல் என்று அஞ்சவும் வேண்டியதில்லை. தண்டின் நீளவாட்டு வெடிப்புகளிலிருந்து சாறு வடிந்தும், மட்டைகள் தொடக்கத்தில் பச்சையாகவே இருந்தால், அது தீலவியாப்சிஸ் என்னும் வேறொரு பூஞ்சணத்தின் வேலையாக இருக்கலாம். அங்கே டிரைக்கோடெர்மாப் பொடியைச் சிறிது தண்ணீரில் குழைத்து, சாறு வடியும் இடத்திலேயே நேராகப் பூசலாம்.