தாலி கட்டிய நாடும் தீர்ப்பு எழுதும் நாடும்

வெளிநாட்டில் திருமணம் செய்துகொண்டவர்கள் பிரிய நேர்ந்தால், பதிவு நடந்த நாட்டுக்கே திரும்பிப் போய்த்தான் வழக்குத் தொடர வேண்டும் என்ற எண்ணம் நம்மவர்களிடம் பரவலாக இருக்கிறது. சிங்கப்பூரில் பதிவு செய்தோம், இப்போது கனடாவில் இருக்கிறோம், எங்கே போவது என்று என்னிடமே சிலர் கேட்டிருக்கிறார்கள். இருவரில் ஒருவர் ஒரு மாகாணத்தில் தொடர்ந்து ஓராண்டு வசித்திருந்தால் போதும், அம்மாகாண நீதிமன்றம் மனுவை ஏற்றுக் கனடாவின் சட்டப்படியே தீர்த்துவைக்கும். சிங்கப்பூரிலோ, இருவரில் ஒருவருக்காவது அதுவே நிரந்தரத் தாயகமாக, அதாவது சட்டத்தின் பார்வையில் நிலையான வாழிடமாக, இருக்க வேண்டும், அல்லது மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அங்கே வசித்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழ் திருமணம் நடந்தது என்பதற்குச் சாட்சியே தவிர, விவாகரத்துக்கான அனுமதிச் சீட்டு அல்ல.

இங்கிலாந்திலும் வழக்கை ஏற்கும் நீதிமன்றம் தன் நாட்டுச் சட்டத்தையே கையாள்கிறது. 2022 ஏப்ரல் 6 முதல் அங்கே யார்மீதும் குற்றம் சொல்லாமலேயே மணமுறிவு பெறலாம். ஜெர்மனி, பிரான்ஸ் முதலிய ஐரோப்பிய நாடுகளில், எந்தச் சட்டப்படி பிரிவது என்பதைத் தம்பதியர் சில வரம்புகளுக்கு உட்பட்டு எழுத்து மூலம் தாமே தேர்ந்துகொள்ளலாம். தேர்ந்துகொள்ளாவிட்டால் பெரும்பாலும் இருவரும் குடியிருக்கும் நாட்டின் சட்டம்தான்.

சிக்கல், அந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு இந்தியாவுக்கு வரும்போதுதான் தொடங்குகிறது. 1975இல் திருப்பதியில் இந்து முறைப்படி மணந்த ஒருவர், அமெரிக்காவின் மிசௌரி மாநில நீதிமன்றத்தில், தாம் அங்கே 90 நாள் வசித்ததாகச் சொல்லி, இனிச் சேர்ந்து வாழ இயலாது என்ற காரணத்தின்பேரில் 1980இல் விவாகரத்து வாங்கினார். பிறகு மறுமணமும் செய்துகொண்டார். முதல் மனைவி இருதார மணப் புகார் கொடுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1991இல் அந்த அமெரிக்கத் தீர்ப்பு இங்கே செல்லாது என்று முடிவானது. தம்பதியர் எந்தச் சட்டத்தின்கீழ் மணந்தார்களோ அந்தச் சட்டம் ஒப்புக்கொள்ளும் நீதிமன்றமும், அது ஒப்புக்கொள்ளும் காரணமும் வேண்டும் என்பதே அன்று வகுக்கப்பட்ட விதி. எதிர்த்தரப்பு நிரந்தரமாக வசிக்கும் நாட்டில் அத்தகைய காரணத்தின்மேல் வழங்கப்பட்ட தீர்ப்பும், எதிர்த்தரப்பு தானாக முன்வந்து அத்தகைய காரணத்தின்மேல் வாதாடிய வழக்கின் தீர்ப்பும், இருவரும் சம்மதித்துப் பெற்ற தீர்ப்பும் மட்டுமே விதிவிலக்கு.

மீட்க முடியாத அளவுக்கு மண உறவு முறிந்துவிட்டது என்பது இந்து திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்கு இன்றும் ஒரு காரணமாக இல்லை; உச்ச நீதிமன்றம் மட்டும் அரசியல் சாசனத்தின் 142ஆம் பிரிவின் அதிகாரத்தால் அப்படிப் பிரித்துவைக்கலாம் என்று 2023இல் அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. வெளிநாட்டில் மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் காரணமே இங்கே குடும்ப நல நீதிமன்றத்தில் எடுபடாது என்ற இந்த முரண், நாடாளுமன்றம் எப்போதோ தீர்த்திருக்க வேண்டிய ஒன்று என்பது என் கருத்து.

வெளிநாட்டிலேயே பதிவுத் திருமணம் செய்து, இருவரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்து, வேறு திருமணச் சட்டம் எதுவும் பொருந்தாத நிலையில், 1969ஆம் ஆண்டின் வெளிநாட்டுத் திருமணச் சட்டம் வழியாக இங்கும் விவாகரத்துக் கோரலாம். இருவருக்கும் இந்தியாவே தாயகமாக இருக்க வேண்டும். மனு போடுபவர் மனைவியானால், திருமணத்துக்கு முன் இந்தியாவைத் தாயகமாகக் கொண்டிருந்து, மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகள் இங்கே வசித்திருந்தாலும் போதும்.

வெளிநாட்டு நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தால், பதில் போடுவதற்கு முன்பே இங்கும் அங்கும் ஒவ்வொரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுவது நல்லது. பதில் போட்டு வழக்கை நடத்தினால், அந்தத் தீர்ப்பு இந்தியாவிலும் உங்களைக் கட்டுப்படுத்தக்கூடும். போடாமல் விட்டாலோ, இந்தியச் சட்டத்தின் கண்ணில் நீங்கள் கணவன் மனைவியாகவே தொடரலாம். ஆனால் அங்கிருக்கும் வீடும் சேமிப்பும் உங்கள் வாதம் இல்லாமலேயே பங்கு பிரிக்கப்பட்டிருக்கும்.