இறுகிய பிளாஸ்டிக்கை அவிழ்ப்பது

சோயா எண்ணெயிலிருந்து பெற்ற எப்பாக்சியை, அதாவது இன்னொரு பொருளோடு கலந்தால் இறுகும் பிசினை, சிட்ரிக் அமிலத்துடன் கலந்து நான் முதன்முதலில் வார்த்த தகடு இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. தேன் நிறம், உள்ளே ஊசிமுனை அளவில் எண்ணற்ற குமிழிகள். விரலால் அழுத்தினால் ரப்பரைப் போல வளைந்து கொடுக்கும். எண்ணெய் மூலக்கூற்றின் நீண்ட கொழுப்புச் சங்கிலிகள், இறுகிய பிசினின் மூலக்கூற்று வலைப்பின்னலுக்குள்ளும் தளர்வாகவே ஆடிக்கொண்டிருப்பதால், பொருள் விறைப்பை இழக்கும் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை அறை வெப்பநிலையை ஒட்டியே நின்றுவிடுகிறது. இயந்திர உறுப்புகளுக்கோ அது 100 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும்.

விறைப்பு வேண்டுமென்றால் மூலக்கூற்றில் வளையங்கள் வேண்டும். பிஸ்பீனால் ஏ என்ற பெட்ரோலிய மூலப்பொருள் எப்பாக்சித் தொழிலில் இத்தனை காலம் கோலோச்சுவதற்கு அதிலுள்ள இரண்டு பென்சீன் வளையங்களே முக்கியக் காரணம். தாவரங்களில் அத்தகைய வளையங்கள் மரத்திற்கு உறுதி தரும் லிக்னினில் ஏராளமாக இருந்தாலும், அதைச் சீரான சிறு மூலக்கூறுகளாக உடைத்தெடுப்பது எளிதன்று. தொழில் அளவில் அவ்வாறு எடுக்கப்படும் வெகுசில பொருள்களில், வனிலா மணம் தரும் வனிலின் ஒன்று. குளுக்கோஸிலிருந்து வரும் ஐசோசார்பைடும் விறைப்பானதே, ஆனால் ஈரத்தை உறிஞ்சும் குணம் அதற்கு உண்டு.

தாவரத்திலிருந்து வந்துவிட்டால் மறுசுழற்சியும் தானே வந்துவிடும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. அது தவறு. சோளக்கதிரின் சக்கையிலிருந்தும் கரும்புச் சக்கையிலிருந்தும் பெறப்படும் ஃபியூரான் பிசின்களை வார்ப்பாலைகள் மணல் அச்சுகளுக்குப் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்தி வருகின்றன. அவை ஒருமுறை இறுகிவிட்டால், 1907-ல் பேக்லண்ட் உருவாக்கிய பேக்கலைட் என்ற பிளாஸ்டிக்கைப் போலவே, மீண்டும் உருகுவதில்லை. எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி, எப்படி அவிழும் என்பது வேறு கேள்வி.

இரண்டாவது கேள்விக்கு 2011-ல் பாரிஸில் லுட்விக் லெய்ப்லரின் குழு ஒரு வழி காட்டியது. எப்பாக்சியை அமிலத்தால் இறுக்கும்போது உண்டாகும் எஸ்டர் பிணைப்புகள், தகுந்த வினையூக்கியும் வெப்பமும் இருந்தால், தமக்குள் இடம் மாறிக்கொள்ளும். புதிய கையைப் பற்றிய பிறகே பழைய கையை விடுவதுபோல இது நிகழ்வதால், மொத்தப் பிணைப்புகளின் எண்ணிக்கை குறைவதில்லை; பொருள் கரைந்து போகாமல், சூடேறிய கண்ணாடியைப் போல மெல்ல இளகி மறுவடிவம் எடுக்கிறது. அதனால்தான், கண்ணாடியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து, இதற்கு விட்ரிமர் என்று பெயரிட்டார்கள்.

ஆனால் மறுவடிவம் எடுக்க உதவும் அதே இடமாற்றம், பயன்பாட்டில் இருக்கும்போதும் ஓசையின்றி நடந்தால் என்ன ஆகும்? வனிலினிலிருந்து செய்த, இதேபோல இடம் மாறும் இமீன் பிணைப்புகளாலான வலைப்பின்னல் பட்டை ஒன்றை, அதன் நிலைமாற்ற வெப்பநிலைக்குச் சற்றே கீழே வைத்த அடுப்பில் எடை கட்டித் தொங்கவிட்டு, பின்பலகையில் பென்சிலால் ஒரு கோடு கிழித்துவிட்டுச் சென்றேன். மறுநாள் காலையில் பட்டையின் நுனி கோட்டைத் தாண்டித் தெளிவாகக் கீழிறங்கியிருந்தது. பொறியாளர்கள் க்ரீப் என்று சொல்லும் இந்தத் தொடர் நீட்சிதான், என் பார்வையில், இத்துறையின் உண்மையான முட்டுக்கட்டை. ஆய்வுக் கட்டுரைகளில் இழுவிசை வலிமை பெருமையோடு முன்னே நிற்க, க்ரீப் பெரும்பாலும் பிற்சேர்க்கையில் ஒதுங்கிவிடுகிறது.

அதே பொருளின் இன்னொரு குணத்தையும் சொல்லியாக வேண்டும். கார்பன் இழைத் துணியை உள்ளே வைத்து வார்த்த துண்டை அமீன் என்ற நைட்ரஜன் சேர்மத்தின் கரைசலில் ஊறவைத்தபோது, பிசின் மெல்லக் கரைந்து, நெசவு கலையாத துணி தனியே வந்தது. விலை மிகுந்த இழையை முழு நீளத்தில் மீட்க முடிகிறது என்பதற்காகவே தொழில்துறை இந்தத் துறையைக் கவனிக்கும் என்று நினைக்கிறேன். காற்றாலை இறக்கைகளில் அது தொடங்கியும்விட்டது. மென்அமிலத்தில் பிரியும் பிசினைக் கொண்ட இறக்கைகளை 2021-ல் சீமென்ஸ் கமேசா என்ற காற்றாலை நிறுவனம் அறிமுகப்படுத்தியது. தாவரச் சர்க்கரைகளிலிருந்து தயாரிக்கத்தக்க பிசினில் 9 மீட்டர் நீள இறக்கை ஒன்றை அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் செய்து, அதன் பொருளை மெத்தனாலில் சூடாக்கிப் பிரித்தெடுக்க முடியும் என்று 2024-ல் காட்டியது. வெறும் வெப்பத்தால் அவிழாமல் ஒரு வேதிப்பொருள் வந்து தொட்டால்தான் அவிழும் என்ற ஏற்பாடு, வெயிலிலும் சுமையிலும் ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டிய பொருளுக்கு நம்பத் தகுந்தது.

தாவரப் பங்கைக் கணக்கிடும்போது, பிசினை இறுக்கும் ஹார்டனரையும் சேர்க்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிசின் மட்டும் மரத்திலிருந்து வந்து, அதை இறுக்கும் அமீன் பெட்ரோலியத்திலிருந்து வந்தால், விளம்பரத்தில் காணும் விழுக்காடு பாதிக் கதையே.

இப்போது அடுப்பில் தொங்குவது புதிய கலவை: இடம் மாறும் பிணைப்புகளோடு, ஒருபோதும் மாறாத பிணைப்புகளையும் சிறிதளவு கலந்திருக்கிறேன். மாறாதவை மட்டுமே தமக்குள் ஒரு முழு வலையாகிவிடும் அளவை எட்டாதவரை, மறுவடிவத்திற்கும் இடமிருக்கும். எடை கட்டி இன்று மூன்றாவது நாள். நுனி பென்சில் கோட்டிலிருந்து ஒரு மயிரிழை இறங்கியிருக்கிறது.