அயித்தை நின்ற இடம்

2025 ஜூலை 8, செவ்வாய்

மதியம் பன்னிரண்டு மணிக்குத் தோழி கூப்பிட்டாள். தேவகோட்டையில் அயித்தை கணக்கு வைத்திருக்கும் வங்கியில் வேலை பார்ப்பவள். "உங்க அயித்தை வந்திருக்காங்க. 22 லட்சம் டெபாசிட்டை உடைக்கணுமாம், பேத்தி கல்யாணமாம். அந்தக் கல்யாணம்தான் போன தையிலேயே முடிஞ்சிருச்சே, நானே வந்து சாப்பிட்டேனே. கை நடுங்குது அவங்களுக்கு. உடனே வா."

போனேன். மடியில் பை, பைக்குள் செல்போன், அதில் அழைப்பு ஓடிக்கொண்டே இருந்தது. நான் துண்டித்ததும் அயித்தை அலறினார். "கட் பண்ணாதே ஆத்தா, அரெஸ்ட் பண்ணிருவாக!"

நேற்றே 3,80,000 ரூபாய் போய்விட்டது. அங்கிருந்தே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடித்துப் புகார் பதிந்தோம். இப்போது இரவு பதினொன்று. அயித்தை என் பக்கத்தில் படுத்திருக்கிறார், தூங்கவில்லை.

2025 ஜூலை 9, புதன்

இன்று கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

ஞாயிறு காலை முதல் அழைப்பு. கூரியர் ஆபீஸ் என்று ஒரு பெண். அயித்தையின் ஆதார் எண்ணில் ஒரு பார்சல் போனதாம், அதில் போதை மருந்தாம். பயந்ததும் "மும்பை போலீஸ்" என்று இன்னொருவனுக்கு மாற்றிவிட்டாள். வீடியோ அழைப்பு. காக்கி உடுப்பு, பின்னால் சுவரில் சிங்க முத்திரை, மேஜையில் கொடி. ஆதாரின் கடைசி நான்கு எண்களையும் பெரிய மகன் சிங்கப்பூரில் இருப்பதையும் அவனே சொல்லியிருக்கிறான். அப்புறம் உச்ச நீதிமன்றத்தின் பெயரில் ஒரு கடிதம் வாட்ஸ்அப்பில் வந்தது. ஒருவன் அதட்ட, இன்னொருவன் "பயப்படாதீங்கம்மா, நீங்க குற்றமற்றவங்கன்னு நான் நிரூபிக்கிறேன்" என்று தேற்றியிருக்கிறான். பணம் அரசுக் கணக்கில் சரிபார்த்ததும் திரும்பி வருமாம். யாரிடமும் மூச்சுவிடக் கூடாது, விட்டால் மகனையும் பிடிப்பார்களாம். சமையலுக்கு வரும் அம்மாவைக்கூட உடம்பு சரியில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். வங்கியில் கல்யாணம் என்று சொல்லச் சொன்னதும் அவர்கள்தான்.

மனசு தாங்காமல் போனது இதைக் கேட்டுத்தான். வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தில், போனைச் சாய்த்து வைத்துவிட்டு, அவன் முன்னால் அயித்தை நின்றுகொண்டே இருந்திருக்கிறார். 74 வயது, முட்டிவலி. "ஆபீசர் முன்னால எப்படி உட்காருறது?" சாயங்காலம் விளக்கேற்ற அவனிடம் அனுமதி கேட்டிருக்கிறார்.

முகப்பு, பட்டாலை, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவிலிருந்து மறு தெரு வரை நீளும் வீடு. அத்தனை அறைக்கும் ஒரே ஆள். இத்தனைக்கும் நான் இருப்பது காரைக்குடியில், அரை மணி நேரத் தூரம். ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் போட்டிருக்கலாம்.

2025 ஜூலை 12, சனி

இப்படி வீடியோ அழைப்பிலேயே ஆளைப் பிடித்து வைப்பதற்கு 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று பெயராம். அப்படி நம் சட்டத்தில் எதுவும் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொன்னார். போன் அடித்தாலே எச்சரிக்கைப் பதிவு ஓடிக்கொண்டிருந்த காலமும் உண்டு. கேட்டதில்லையா என்றேன். "கேட்டேனே. அது திருடனைப் பத்திச் சொன்னது. இவரு போலீஸ்ல?"

இந்தப் பதிலை மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எச்சரிக்கை திருடனைப் பற்றி. வருகிறவனோ போலீஸ் உடுப்பில் வருகிறான்.

அதிகாரி வேஷத்தை நம்பிப் படித்தவர்கள், வியாபாரிகள் எல்லாம் முன்பே விழுந்திருக்கிறார்கள். 1987 மார்ச்சில் பம்பாயில் ஒருவன் துப்பறியும் அதிகாரி வேலைக்கு ஆள் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தான். பெரிய ஹோட்டலில் நேர்காணல் நடத்தினான். தேர்ந்தெடுத்த இளைஞர்களை மறுநாள் ஓபரா ஹவுஸ் பகுதியிலுள்ள நகைக்கடைக்குக் கூட்டிப்போய் 'சோதனை' போட்டான். பொறுக்கிய நகைகளோடு அவன் கிளம்பிப் போனான். அந்த இளைஞர்கள் தாங்கள் உண்மையான சிபிஐ வேலையில் இருப்பதாக நம்பிக் கடையிலேயே காத்திருந்தார்கள். அவன் கடைசிவரை பிடிபடவில்லை. இவ்வளவு பேரில் யாருமே, நீ யார் என்று விசாரித்துப் பார்க்கவில்லை. ஆகவே அயித்தையை ஏமாளி என்று பேசும் சொந்தக்காரர்களிடம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கோபம் இன்னோரிடத்திலும் உண்டு. திங்கட்கிழமை அதே வங்கியில் வேறொரு கவுண்டரில்தான் 3,80,000 போனது. தனியாக வந்த ஒரு வயதானவர் முன்பின் அனுப்பாத வெளிமாநிலக் கணக்குக்கு அனுப்புகிறார். ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். மேலாளரிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

2025 ஜூலை 15, செவ்வாய்

1930 வழியாக முடக்க முடிந்தது 1,12,000. மீதி பல கணக்குகளுக்குக் கைமாறிப் போய்விட்டது. திங்கட்கிழமையே புகார் போயிருந்தால் இன்னும் அதிகம் நின்றிருக்கும்.

இன்று அயித்தை வீட்டில் பழைய பெட்டியை ஒழித்தோம். எங்கள் நகரத்தார் ரங்கூனில் நடத்திய வட்டிக்கடைக் கணக்குகள், ஐயா காலத்துக் கணக்குச் சிட்டைகள். கடல் கடந்து லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கியவர்கள் நாணயத்தை நம்பித்தான் தொழில் செய்தார்கள். ஆனால் அந்த நம்பிக்கை சும்மா வந்ததில்லை. கடையில் எடுபிடியாக, பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகி, பிறகுதான் கடையை நடத்தும் மேலாள். மூன்று வருடத் தவணை முடிந்தால் ஊருக்குத் திரும்பிக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். புதிதாக ஒருவர் வந்தால் எந்த ஊர், எந்தக் கோயில், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் திண்ணையில்கூடப் பேச்சு நகராது. எங்கள் நகரக் கோயில்களில் இளையாத்தங்குடியோ பிள்ளையார்பட்டியோ, ஒரு பதில் வந்தாக வேண்டும். சிறுவயதில் எனக்கு அந்த விசாரணை எரிச்சலாக இருக்கும்.

அயித்தை வாழ்நாளெல்லாம் எல்லோரிடமும் அதைக் கேட்டவர். காக்கியைப் பார்த்ததும் கேட்கவில்லை. கல்யாணத்தில் சாப்பிட்டதை ஞாபகம் வைத்திருந்த என் தோழிதான் அவருக்குப் பதிலாகக் கேட்டாள்.

2025 ஜூலை 18, வெள்ளி

சிவகங்கையில் சைபர் கிரைம் போலீசிடம் வாக்குமூலம். முடக்கிய பணம் வர நீதிமன்றம் வழியாகத்தான் போக வேண்டுமாம், சில மாதம் ஆகலாம்.

எதிரில் இருந்த அதிகாரிக்கு முப்பது வயது இருக்கும். உடுப்பில் இருந்தார். "உட்காருங்கம்மா" என்றார். அயித்தை உட்காரவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டாம் முறை சொன்னார், மூன்றாம் முறை எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அயித்தை அவர் முகத்தைப் பார்த்தார். குரல் கம்மியிருந்தது.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"திருப்பத்தூர் பக்கம்மா. அப்பா அங்கதான் வாத்தியாரா இருந்தாரு."

எந்தத் தெரு, அப்பா பெயர் என்ன, எந்தப் பள்ளிக்கூடம் என்று அயித்தை ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அதன் பிறகு அயித்தை உட்கார்ந்தார்.