கறுத்த கல்லும் வெளுத்த கல்லும்

ஜெர்மனியில் உள்ள ட்ரெஸ்டன் நகரத்துக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். நாங்கள் தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன்கள், மார்ட்டின் லுத்தர் வழிவந்த புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள். எங்கள் முன்னோருக்கு ஐயர்மாரை, அதாவது போதகர்களை, அனுப்பிய லைப்சிக் மிஷன் 1836இல் ஆரம்பித்தது இந்த ட்ரெஸ்டனில்தான். தரங்கம்பாடிக்கு வந்த முதல் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு பிறந்த புல்ஸ்னிட்ஸ் ஊரும் பக்கம்தான்.

நாங்கள் பார்க்கப் போனது ஃப்ரௌவென்கிர்ஹே, போரில் எரிந்து இடிந்து மறுபடி கட்டிய கோவில். அந்தப் பெயரை மாதா கோவில் என்று சொல்லலாம். பெயர்தான் அப்படி, ஆராதனை நம்முடையது. முன்னால் லுத்தர் சிலை நிற்கிறது. அண்ணாந்து பார்த்தால் வெளிர்மஞ்சள் சுவரில் அங்கங்கே கறுப்புக் கற்கள்.

"கறுப்பா இருக்கிறதெல்லாம் தீயில வெந்ததாப்பா?" என்றார் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இல்லையாம். இந்த ஊர் மணற்கல்லில் இரும்பு உண்டு, வருஷம் போகப்போகத் தானே கறுத்துவிடும். கறுப்பெல்லாம் இடிபாட்டிலிருந்து எடுத்து வைத்த பழைய கல். வெளுத்ததும் ஒருநாள் கறுக்கும்.

1743இல் கட்டி முடித்த கோவில். இரண்டாம் உலகப் போரில், 1945 பிப்ரவரி 13 இரவு, இந்த ஊர்மேல் குண்டுவீச்சு தொடங்கியது. கோவில் உடனே விழவில்லை. சூட்டில் வெந்துகொண்டே நின்று, 15ஆம் தேதி காலையில்தான் கல் கும்மட்டம் சரிந்தது. அப்புறம் நாற்பது வருஷத்துக்கும் மேல் வெறும் கற்குவியல். கிழக்கு ஜெர்மனி அரசு அதைப் போர் நினைவுச் சின்னமாக அப்படியே விட்டுவைத்தது. 1994இல் கட்ட ஆரம்பித்து, 2005 அக்டோபர் 30 அன்று, லுத்தரின் சபைச் சீர்திருத்தத்தை நினைக்கும் சீர்திருத்தத் திருநாளுக்கு முந்தின நாள், பிரதிஷ்டை செய்தார்கள்.

உள்ளே ஒரே வெளிச்சம். எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியான புதுசாகப்பட்டது. ஆனால் இடிபாட்டில் கிடைத்த பழைய கும்மட்டச் சிலுவை, வளைந்து நெளிந்து, உள்ளேயே நிற்கிறது. அதன் முன்னால் அம்மா ரொம்ப நேரம் நகரவில்லை. இப்போது உச்சியில் இருக்கும் சிலுவையைச் செய்தவர் லண்டன் பொற்கொல்லர் ஆலன் ஸ்மித். அவருடைய அப்பா இந்த ஊர்மேல் குண்டு போட வந்த விமானிகளில் ஒருவர். அதைச் சொன்னதும் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு ஆர்கன் இசையோடு சின்ன ஆராதனை. பிரசங்கம் ஒன்றும் புரியவில்லை. "ஃபாட்டர் உன்சர்" என்று எல்லாரும் தொடங்கியதும் அம்மாவுக்குப் பிடிபட்டுவிட்டது. "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று சத்தமாகவே சேர்ந்துகொண்டார். நம் ஜெபம் கொஞ்சம் நீளம் போலிருக்கிறது. அவர்கள் முடித்துவிட்டார்கள், அம்மா அப்போதுதான் "ராஜ்யமும் வல்லமையும்" என்று போய்க்கொண்டிருந்தார். கோவிலே அமைதியாக இருந்தது. அவருடைய ஆமென் மட்டும் தனியாகக் கும்மட்டத்துக்கு ஏறிப் போனது.