கொடுத்த சாம்பிளுக்கு மட்டும்

எங்கள் பரிசோதனைக் கூடம் தருகிற ஒவ்வொரு ரிப்போர்ட்டின் அடியிலும் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'இந்த முடிவு எங்களிடம் கொடுக்கப்பட்ட சாம்பிளுக்கு மட்டுமே பொருந்தும்.' பார்ட்டிகள் யாரும் அதைப் படித்து நான் பார்த்ததில்லை. அவர்கள் கண் நேராக அஃப்ளடாக்சின் பி1 என்ற கட்டத்துக்குத்தான் போகும். நாமக்கல் பக்கம் தீவனமும் நிலக்கடலையும் சோதிக்கிற தனியார் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வருஷம் ஏற ஏற, கட்டத்தில் இருக்கும் எண்ணைவிட அந்தப் பொடி எழுத்தைத்தான் பெரிதாக அச்சடிக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

அஃப்ளடாக்சின் என்பது ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சு. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்து விழுந்தபோதுதான் உலகம் இதைக் கண்டுகொண்டது. நோய்க்கிருமி எதுவும் சிக்கவில்லை. தேடல் கடைசியில் தீவனத்தில் கலந்திருந்த பிரேசில் கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது. புற ஊதா வெளிச்சத்தில் நீலமாக ஒளிர்வது பி, பச்சையாக ஒளிர்வது ஜி என்று பெயர் வைத்தார்கள். இதில் பி1 தான் மோசம். ஈரலைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுசாகப் போகாது.

அளவு எல்லாம் பிபிபி கணக்கு. அதாவது கிலோவுக்கு இத்தனை மைக்ரோகிராம். கோழித் தீவனத்திலும் மாட்டுத் தீவனத்திலும் பி1 20 வரை இருக்கலாம் என்பது நம் நாட்டுத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் வைத்த தரம். நேரடியாகச் சாப்பிடும் கடலைக்கு ஐரோப்பா விடுவது 2 மட்டும். இந்த எண்களை வைத்துத்தான் லோடு ஏறுவதும் திரும்புவதும்.

சிக்கல் என்னவென்றால், நஞ்சு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவி இருப்பதில்லை. ஆயிரம் பருப்பு சுத்தமாக இருக்கும், ஒன்று முழு விஷமாக இருக்கும். ஒரே பருப்பில் பத்து லட்சம் பிபிபிக்கு மேல் அளந்திருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை கிராம் எடையுள்ள அந்த ஒரு பருப்பில் 500 மைக்ரோகிராம் நஞ்சு. மற்றதெல்லாம் சுத்தமான 10 கிலோவில் அது ஒன்று விழுந்தாலே சராசரி 50 பிபிபி. விழாவிட்டால் பூஜ்யம். அதனால்தான் ஐரோப்பிய விதி பெரிய லாட் கடலைக்கு 100 இடத்தில் எடுத்து 20 கிலோ சேர்க்கச் சொல்கிறது. எங்கள் வாசலுக்கு வருவது பெரும்பாலும் ஒரு கேரி பை.

அப்படித்தான் ஒருவர் வந்தார். விழுப்புரம் பக்கத்துப் பருப்பு, லாரி கிளம்பத் தயாராக நிற்கிறது.

"நல்லாப் பொறுக்கிக் கொண்டாந்திருக்கேனுங்க மேடம். சீக்கிரம் பாத்துக் குடுங்க."

பையைத் தட்டில் கொட்டினேன். ஒரே அளவு, ஒரே நிறம். சூம்பியது இல்லை, உடைந்தது இல்லை, கறுத்தது ஒன்றுகூட இல்லை. நஞ்சு இருப்பது பெரும்பாலும் அந்தச் சூம்பலிலும் சொத்தையிலும்தான்.

"அண்ணா, பொறுக்காம, பல மூட்டையில குத்தூசி போட்டு எடுத்துட்டு வாங்க."

"சொத்தையப் போயி யாராச்சும் சாம்பிளுக்குக் கொண்டாருவாங்களா மேடம்?" என்று சிரித்தார்.

எனக்குக் கோபம் வரவில்லை. மண்டியில் மாதிரி காட்டுவது என்றால் இருப்பதில் நல்லதைக் காட்டுவதுதான் வழக்கம். வாங்குகிறவருக்கும் அது தெரியும், அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேட்பார். அந்த வழக்கத்தோடு கூடத்துக்குள் வந்தவரிடம், இங்கே உங்கள் சரக்கில் இருப்பதிலேயே மோசமானதும் எனக்கு வேண்டும் என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்? கடைசியில் அந்தப் பையையே சோதிக்கச் சொன்னார். கண்டறியும் அளவுக்குக் கீழே என்று வந்தது. பொய் இல்லை. அந்தப் பைக்கு அது உண்மை.

உள்ளே நடப்பதைச் சொல்லவே வேண்டாம், அத்தனையும் பொறுமை வேலை. முழுசாக 10 கிலோ வந்துவிட்டால் எனக்குச் சந்தோஷம். தண்ணீர் விட்டு மொத்தத்தையும் கூழாக அடித்துவிடலாம், விஷப் பருப்பு எங்கே ஒளிந்திருந்தாலும் கலந்துவிடும். அதில் கொஞ்சம் எடுத்து மெத்தனால் கலந்து குலுக்கி, வடிகட்டி, நஞ்சைப் பிடித்துவைக்கும் ஆன்டிபாடி நிரப்பிய சின்னக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் நஞ்சு ஒட்டாமல் ஓடிவிடும். அப்புறம் ஹெச்பிஎல்சி, கலவையில் இருப்பதை ஒவ்வொன்றாகப் பிரித்து அளக்கும் மெஷின். திரையில் ஜி2, ஜி1, பி2 எல்லாம் வந்து போன பிறகு கடைசியில்தான் பி1 தலை காட்டும். எத்தனை வருஷமானாலும் அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்ப்பேன். கழுவுகிற கண்ணாடிச் சாமான் எல்லாம் பிளீச்சிங் கரைசலில் ஊறும்; சாயந்திரம் வீட்டுக்குப் போனாலும் கையில் அந்த வாடை இருக்கும்.

ஒரே லாட்டுக்கு எங்களிடம் 3, வேறொரு கூடத்தில் 30 என்று வந்தால், பார்ட்டி இரண்டு ரிப்போர்ட்டையும் மேஜையில் போட்டுச் சத்தம் போடுவார். யாரோ ஒருவர் தப்பு என்று அவர் முடிவு கட்டிவிட்டிருப்பார். ஒப்பீட்டுச் சோதனைக்கு ரகசியமாக எண் போட்டு அனுப்பப்படும் மாவை நாங்கள் அளந்து, மற்றக் கூடங்களோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறோம். அதனால் மெஷின் மேல் எனக்குச் சந்தேகம் வருவது குறைவு. இரண்டு பையும் வேறு வேறு மூட்டையிலிருந்து வந்திருந்தால் 3-ம் சரி, 30-ம் சரி. இதை அவரிடம் சொன்னால் நழுவுகிறேன் என்று நினைப்பார்.

மக்காச்சோளத்துக்கு இன்னொரு கூத்து. சிலர் புற ஊதா டார்ச் அடித்துப் பார்த்தே பாஸ் போடுகிறார்கள். பச்சை கலந்த மஞ்சளாக மின்னுவது அஃப்ளடாக்சின் இல்லை, அதே பூஞ்சணம் உண்டாக்கும் வேறொரு பொருள். சந்தேகப்பட அது போதும், முடிவு சொல்லப் போதாது.

சரி, தேறாத கடலை எங்கே போகிறது? எரிப்பவரை நான் பார்த்ததில்லை. எண்ணெய்க்குப் போகும். ஆட்டும்போது நஞ்சில் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கிவிடும். புண்ணாக்கை மாடு தின்னும். மாட்டின் உடம்பில் பி1, எம்1 என்ற இன்னொரு அஃப்ளடாக்சினாக மாறிப் பாலில் வரும். 2018-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. எல்லோரும் யூரியா, சோப்புத்தூள் என்று கலப்படத்தை எதிர்பார்த்தார்கள். ஆபத்தான கலப்படம் 12 மாதிரிகளில்தான் இருந்தது. எம்1 எல்லை தாண்டியவை 368. அதிகம் இருந்த மாநிலங்களில் தமிழ்நாடும் உண்டு. பாலில் கலப்பவனைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு மாட்டுத் தொட்டியைப் பற்றி நாம் பேசுவதில்லை.

கணக்கு ரொம்பச் சின்னது. 200 பிபிபி உள்ள புண்ணாக்கை ஒரு மாடு நாளுக்கு 2 கிலோ தின்றால் 400 மைக்ரோகிராம் உள்ளே போகிறது. அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு பாலுக்கு வந்தாலே 8. பத்து லிட்டர் கறக்கும் மாடென்றால் லிட்டருக்கு 0.8. எல்லை 0.5.

மாடு வைத்திருக்கும் பெரியவர் ஒருவரின் பால் இப்படித்தான் தாண்டி வந்தது. "மாட்டுக்கு ஒண்ணும் ஆகலியேம்மா, நல்லாத்தான தின்னுது" என்றார். புண்ணாக்கு கொண்டுவரச் சொன்னேன். மூட்டைக்கு ஒரு வில்லையாக எல்லா மூட்டையிலும் உடைத்து எடுத்து வந்தார். யாரும் சொல்லிக்கொடுக்காமல் சாம்பிளை ஒழுங்காக எடுத்தவர் அவர்தான். பி1 எக்கச்சக்கம். அதை நிறுத்தினால் சில நாளில் பாலில் இறங்கிவிடும் என்றேன். அடுத்த முறை கொண்டுவந்த பால் எல்லைக்குள் இருந்தது.

மிச்ச மூட்டைகளை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் திருப்பி எடுத்துக்கொண்டு பணத்தையும் கொடுத்துவிட்டாராம். நல்ல மனுஷன் என்றார்.

அந்தச் சரக்கு அடுத்து யார் வீட்டுக்குப் போகும் என்று கேட்க எங்களுக்கு அதிகாரம் கிடையாது. இப்போது புண்ணாக்கு எல்லை தாண்டினால் ரிப்போர்ட்டோடு ஒரு போனும் போட்டு, கடைக்குத் திருப்பித் தராதீர்கள், எருக்குழியில் போடுங்கள் என்கிறேன். அப்ப பணத்த யாருங்க குடுப்பாங்க என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.