பஹாவ் ஆபிஸையும் சபா தோட்டங்களையும் சாட்டிலைட்டில் இணைத்த அனுபவம்

மலேசியாவில் நெகிரி செம்பிலான் பஹாவில் இருக்கும் எங்கள் தலைமை ஆபிஸோடு சபாவில் லஹாட் டத்து பக்கமுள்ள இரண்டு செம்பனைத் தோட்டங்களை இணைக்கும் வேலை என்னிடம் வந்தது. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு முதலில் சொல்வது: வேகத்தைக் கேட்கும் முன் தாமதத்தைக் கேளுங்கள்.

நாங்கள் எடுத்தது பூமிக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கும் வகை சாட்டிலைட். அது நிற்பது 35,786 கிலோமீட்டர் உயரத்தில். கேள்வி போய்ப் பதில் வர அரை நொடி ஆகும். கருவிகள் எடுக்கும் நேரத்தையும் சேர்த்தால் 0.6 நொடி வரை போகும். இந்த வகை சாட்டிலைட்டில் எவ்வளவு பணம் கட்டினாலும் அந்த அரை நொடி குறையாது. பஹாவிலும் ஒரு டிஷ் வைத்தால், டேட்டா நடுவில் சாட்டிலைட் கம்பெனியின் மைய நிலையத்தில் இறங்கி மறுபடி மேலே போகும், தாமதம் இரட்டிப்பாகும். அதனால் பஹாவுக்கு டிஷ் வேண்டாம், அங்கிருந்து மைய நிலையத்துக்கு லீஸ் லைன் (தரைவழியே வாடகைக்கு எடுக்கும் தனி லைன்) போதும் என்று பிடிவாதமாக நின்றேன்.

தோட்டத்துக்கு சி பேண்ட் என்ற அலைவரிசை எடுத்தோம். டிஷ் பெரியது, செலவும் கூட. ஆனால் நம்மூர் மழையில், சின்ன டிஷ் போதுமான கேயு பேண்ட் அலைவரிசையின் சிக்னல் சட்டென்று படுத்துவிடும்.

மூன்று இடத்திலும் கணினிகளின் நெட்வொர்க் முகவரி 192.168.1 என்றே தொடங்கியது, அப்படியே இணைத்தால் மோதும். ஆளுக்கொரு எண் வரிசை கொடுத்து நடுவில் ரௌட்டர் வைத்தோம். ஸ்விட்சோடு ஸ்விட்ச் நேராக இணைத்திருந்தால் ஒவ்வொரு கணினியும் எல்லாருக்கும் பொதுவாக அனுப்பும் பிராட்காஸ்ட் கூச்சலும் சாட்டிலைட் ஏறியிருக்கும்.

அப்புறம்தான் உண்மையான சிக்கல். தோட்டத்துக் கிராணி (கணக்கர்) செக்ரோலை, அதாவது தொழிலாளர் சம்பளப் பதிவைத் திறந்துவிட்டு, "தம்பி, ஒரு பேர் வந்து நிற்குது, அடுத்த பேரைக் காணோமே" என்றார். லைனில் குறையில்லை. அந்தச் சம்பள புரோகிராம் ஒவ்வொரு வரிக்கும் பஹாவ் சர்வரைத் தனித்தனியாகக் கேட்டது. நூறு பெயர் என்றால் ஒரு நிமிடம். பெரிய ஃபைலுக்கு வேறு தடை: 64 கிலோபைட் அனுப்பிவிட்டு டிசிபி (டேட்டா சரியாகப் போய்ச் சேர்வதைக் கவனிக்கும் நெட்வொர்க் விதிமுறை) பதிலுக்குக் காத்திருந்தால், லைன் எவ்வளவு அகலமானாலும் நொடிக்கு நூறு கிலோபைட் சொச்சம்தான் போகும். பதில் வருமுன் இன்னும் அதிகம் அனுப்ப விடும் விண்டோ ஸ்கேலிங்கை இரண்டு பக்கமும் போட்ட பிறகு அது சரியானது.

செக்ரோலுக்காகத் தோட்டத்திலேயே ஒரு சின்ன சர்வர் வைத்தோம். கிராணி அங்கேயே பதிகிறார், அன்றைய மாற்றங்கள் மட்டும் சுருக்கப்பட்டு பஹாவுக்குப் போகின்றன. நள்ளிரவில் அனுப்பலாம் என்றார்கள். ஆனால் தோட்டத்தில் பத்து மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். எட்டு மணிக்கு வைத்தோம்.